நாற்பத்தெட்டு டிகிரி

வெளியே தாழ்ப்பாள் விழுந்து பத்து நிமிடம் இருக்கும், கால் மணி நேரமாகவும் இருக்கலாம், இருட்டறைக்குள் நேரம் சரியாகத் தெரிவதில்லை. சோடியம் விளக்கு தன் தகரக் கூண்டுக்குள் எரிந்துகொண்டிருக்கிறது, கூண்டின் துளை வழியாக வரும் மஞ்சள் வெளிச்சம் மேஜைமேல் இருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரின் பித்தளையைத் தொட்டு அதோடு நின்றுவிடுகிறது. என் கை எனக்குத் தெரியவில்லை. கறுப்பு பூசிய சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கிறது, இந்த அறைக்கும் லேபுக்கும் நடுவே ஆளுயரப் பலகைதான், அதற்கு மேல் கூரை வரைக்கும் கறுப்புத் துணி, துணி வெளிச்சத்தைத் தடுக்கும், பேச்சைத் தடுக்காது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்திருக்கும் ராமசுப்பு சார் பேனாவை மேஜையில் தட்டுவதுகூடக் கேட்கிறது. அவர்தான் என்னை உள்ளே வைத்துத் தாழ் போட்டார். "இந்த அட்டெண்டரை வெளிய விட்டா நான் வைவா நடத்த முடியாது, பிள்ளைகளுக்கு விடையை ஓதிக் கொடுக்கிறான், என் காதால கேட்டேன்" என்று எங்கள் பேராசிரியர் ஞானதிரவியம் சாரிடம் சொன்னார். ஞானதிரவியம் சார் தலையாட்டினார். என்ன சொல்வார், ஓதிக் கொடுத்தது உண்மைதானே. இப்போது அவர்கள் முன்னால் நிற்பது சந்தனக்கனி, இரண்டாம் வருஷப் பெண். இந்த மேஜையில் இந்த முப்பட்டைக் கண்ணாடியை வைத்து ஒளி வளைவதை அளந்து, ஒளிவிலகல் எண்ணுக்கு விடை ஒன்று புள்ளி ஆறு இரண்டு என்று எழுதிக் கொண்டுபோயிருக்கிறாள். மற்ற எல்லாரும் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அவள் எழுதியதுதான் சரி. அது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், ஒன்று அவள், மற்றது நான். அவளுக்குத் தெரிந்தது அளந்ததால். எனக்குத் தெரிந்தது கண்ணாடியை மாற்றி வைத்தவன் நான் என்பதால்.

"என்னம்மா, புதுசா ஒரு கண்ணாடி கண்டுபிடிச்சிருக்கியா? நோபல் கமிட்டிக்கு எழுதிப் போட்டுருவமா?" என்கிறார் ராமசுப்பு சார். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. "இல்ல சார், நாப்பத்தெட்டு டிகிரி பன்னெண்டு மினிட் வந்துது சார்" என்கிறாள். குரல் நடுங்கவில்லை, இன்னும் நடுங்கவில்லை. ஒளி கண்ணாடிக்குள் போய் வளைந்து வெளியே வருகிறதே, அந்த வளைவின் கோணம் அது. பெட்டியின் மேல் கிரௌன் கண்ணாடி என்று எழுதியிருக்கிறது, நான்தான் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன், பதினாறு வருஷத்துக்கு முன்னால். கிரௌன் கண்ணாடி என்றால் முப்பத்தெட்டரை டிகிரியைத் தாண்டிக் கொஞ்சம் வளையும், கணக்குப் போட்டால் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு வரும், இது இந்தக் கல்லூரியின் தூணுக்கும் தெரியும். அதனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்றால் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னால் நடந்து, அந்த விடை வருவதற்கு எவ்வளவு கோணம் வேண்டுமோ அதைப் போட்டு, அந்தக் கோணம் வருவதற்கு வெர்னியர் அளவுகோலில் என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை எழுதி, கடைசியாக ஒரு தடவை டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து மஞ்சள் கோடு அழகாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சமையல் என்று அதற்குப் பெயர். யாருக்காவது விடை மறந்துபோனால் நான் பக்கத்தில் போய் விளக்கைச் சரி செய்கிற மாதிரி குனிந்து சொல்லிவிடுவேன். பெரியசாமி அண்ணன் எனக்கு முன்னால் இருந்த அட்டெண்டர், அவரும் அப்படித்தான் சொன்னார், அது கருணை என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் சந்தனக்கனி ரொம்ப நேரம் ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு குனிந்து, "ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டும்மா" என்றேன். அவள் கண்ணை எடுக்காமலேயே, "இல்ல அண்ணாச்சி, நாப்பத்தெட்டு வருது, நாலு தடவ பாத்துட்டேன்" என்றாள். அதற்குள் பின்னால் ராமசுப்பு சார் செருப்புச் சத்தம்.

ஜூலையிலிருந்து மார்ச் வரை நூற்று நாற்பது பிள்ளைகள் இந்தக் கண்ணாடியை வைத்து அளந்திருக்கிறார்கள், நூற்று நாற்பது ரெக்கார்டு நோட்டிலும் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. முதல் வாரம் எனக்குத் தூக்கம் இல்லை, எவனாவது ஒருவன் வந்து அண்ணாச்சி இது வேற மாதிரி வருதே என்று கேட்டுவிடுவானோ என்று. யாரும் கேட்கவில்லை. அப்புறம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதி ஒரு மாதிரி நாற ஆரம்பித்தது, இப்படி ஒருவர்கூடவா பார்க்கவில்லை என்று. கையில் எடுத்தாலே தெரியுமே, இது பிளின்ட் கண்ணாடி, பழையதைவிடக் கனம், ஈயம் கலந்தது. இழுத்து மூடின ஏதோ பள்ளிக்கூடத்திலிருந்து சாமான் வந்தபோது வந்தது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறவில்லை, பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. பழைய கிரௌன் கண்ணாடி உடைந்ததும் இதைத் துடைத்து அந்தப் பெட்டிக்குள் வைத்தேன். உடைந்தது இங்கே இல்லை. என் வீட்டில். என் பெண்சாதி மாடத்திக்கு எழுந்து உட்கார முடியாமல் போய்விட்ட மாதம் அது, கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தேன், நாள் பூராவும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பாள், அந்தச் சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை கண்ணாடியை வேட்டித்துண்டில் சுற்றித் தூக்குச்சட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் அவள் கையில் கொடுத்தேன். சுவரில் நிறம் விழுந்ததும், "ஏ யப்பா" என்றாள். கையை லேசாகத் திருப்பினால் நிறம் உத்தரத்துக்கு ஏறியது, காலண்டருக்கு வந்தது, என் சட்டையில் நின்றது. "நீங்க இத்தன வருசமா இந்த வேலையா பாத்தீக, பொறாமையா இருக்கு" என்றாள். அப்புறம் அந்தக் கைக்குப் பலம் போதவில்லை. சிமென்ட் தரை. குறுக்கே விண்டுபோயிற்று. "ஐயையோ, சர்க்காரு கண்ணாடி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அதற்கு நாற்பது நாள் கழித்து அவள் இல்லை. போன வருஷம் இதே மார்ச்சில் நான் அவளை அறிந்திருந்தேன் என்று சொல்லலாமா, அல்லது அவளைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டுமா, இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அந்தப் புத்தகம் சொல்கிறது.

அந்தப் புத்தகத்துக்குப் பேர் எனக்குத் தெரியாது. அட்டையையும் முதல் இருபது பக்கத்தையும் கரையான் தின்றுவிட்டதால் நூலகத்திலிருந்து கழித்துப் போட்டார்கள், நான் எடுத்து வந்தேன். கிரேக்க தேசத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் சில பேர் உட்கார்ந்து, நமக்கு ஒன்று தெரியும் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்த கதை. எட்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அகராதியோடு, ஆறு வருஷம் படித்தேன். மாடத்தி அரிசியில் கல் பொறுக்கும்போது அவளுக்குச் சொல்வேன், பேரெல்லாம் அவள் வாயில் நுழையாது, அதனால் அவளே பேர் வைத்தாள். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்றவர் தண்ணிக்காரர். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பொடி என்றவர் தூசிக்காரர். எல்லாவற்றுக்கும் எதனால் என்று கேட்டு வகைப்படுத்தியவர் எதனாலய்யர், "அவரு அய்யருதான், அம்புட்டுக் கேள்வி கேக்காரு" என்பாள். அந்த எதனாலய்யர் சொன்ன ஒரு விஷயத்தில்தான் நான் பல வருஷம் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தெரியும் என்று சொல்ல வேண்டுமானால் அதை நிரூபிக்க வேண்டும், நிரூபிக்க இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்க மற்றொன்று, இது முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் சுற்றி வளைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும், இரண்டும் வேண்டாம் என்றால் நிரூபிக்காமலே தெரிகிற ஏதோ ஒன்றில் காலை ஊன்றித் தொடங்க வேண்டும். அந்த முதல் படி நமக்கு எப்படித் தெரிகிறது என்றால், பார்த்துப் பார்த்து, பார்த்தது மனசில் தங்கித் தங்கி, அங்கிருந்து என்கிறார். கண்ணிலிருந்துதான் தொடக்கம். நான் இதைச் சொன்னபோது மாடத்தி ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, "இதுக்கு எதுக்குங்க அம்புட்டு யோசன, கல்லு கல்லுன்னு தெரியுதுல்லா" என்றாள். எங்கள் பிள்ளைகள் நடக்கும் வழி அந்த இரண்டாவது வழி, வட்டம், விடையிலிருந்து புறப்பட்டு விடைக்கே வருவது. சந்தனக்கனி ஒருத்திதான் கண்ணிலிருந்து தொடங்கினாள்.

"உன் ரெக்கார்டு நோட்ட எடு" என்கிறார் ராமசுப்பு சார். பக்கம் புரளும் சத்தம். "இதுல நீயே ஒண்ணு புள்ளி அஞ்சு ரெண்டுன்னு எழுதியிருக்க. முப்பத்தெட்டு டிகிரின்னு எழுதியிருக்க. இது உன் கையெழுத்துதான? அதே கண்ணாடி, அதே மேஜ. அன்னைக்கு ஒரு மாதிரி வளைஞ்ச வெளிச்சம் இன்னைக்கு உனக்காக வேற மாதிரி வளையுதோ?" "அது நாலு பேரு சேந்து செஞ்சது சார். அன்னைக்கு நான் டெலஸ்கோப்புல பாக்கல. ரீடிங்க அவங்ககிட்ட வாங்கி எழுதினேன்." அடி பெண்ணே, அதைச் சொல்லாதே. ஞானதிரவியம் சார் நாற்காலியை நகர்த்துகிறார், அந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. "பாக்காமயே எழுதினியா, அதுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா, என்னம்மா பேசுற" என்கிறார், கோபமாக இல்லை, பயந்து. இப்போது அவளுக்குப் பின்னால் சுவர் வந்துவிட்டது. இன்றைக்கு எழுதியது சரி என்றால் நோட்டு பொய், நோட்டு பொய் என்றால் சாருடைய கையெழுத்து பொய், கையெழுத்து பொய் என்றால் அவள் தேர்வு எழுதவே வந்திருக்கக் கூடாது. "சார், இன்னொரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு வரட்டுமா? நான் வச்சது அப்படியேதான் இருக்கும்." "உள்ள அந்த ஆளு இருக்கான். அவன்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்கு ஒப்பிக்கப் பாக்கிறியா?" "அப்ப நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க சார்." மேஜையில் பேனா நின்றுபோயிற்று. "நான் இருபத்தி ரெண்டு வருசமா பாத்தாச்சும்மா. பத்து நிமிசம் தாரேன். கணக்க மறுபடியும் போடு. அதே விடைய எழுதினன்னா முட்டைதான். அடுத்த வருசம் வந்து எழுது." அடுத்த வருஷம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இவள் தாமிரபரணிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். இந்த வருஷம் தவறினால் படிப்பை நிறுத்தி மாமன் மகனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று மற்றப் பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருக்கிறது.

பத்து நிமிடம். நான் பலகையைத் தட்டினால் போதும். சார், கண்ணாடி மாறிப்போச்சு, மாற்றினது நான், அந்தப் பெண் சொல்றது சரி. எத்தனை வார்த்தை, பத்துகூட இல்லை. கதவு இங்கிருந்து மூன்று எட்டு. அந்தக் கிரேக்கர்களில் ஒருவர், மாடத்தி அவருக்கு வம்புக்காரர் என்று பேர் வைத்திருந்தாள், ஓர் இடத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் பாதி தூரம் போக வேண்டும், மிச்சத்தில் பாதி, அந்த மிச்சத்தில் பாதி, அதனால் யாரும் எங்கேயும் போய்ச் சேர முடியாது என்று நிரூபித்தார். "பஸ்ஸுல ஏறச் சொல்லுங்க அவர" என்றாள். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை, தட்டுவதற்கு முன்னால் என்ன சொல்வது என்று முடிவு பண்ண வேண்டும், அதற்கு முன்னால் என்ன கேட்பார்கள் என்று, அதற்கும் முன்னால். எப்போ மாற்றினாய்? ஜூன் கடைசி. ஏன்? பழையது உடைந்தது. எங்கே உடைந்தது? இங்கேதான், இந்த மேஜையில் என்றால் பொய், ஒரு பொய்யைச் சொல்லி ஓர் உண்மையைக் காப்பாற்றலாமா, காப்பாற்றினாலும் உடைந்த சில்லு எங்கே, ஏன் அன்றைக்கே எழுதிக் கொடுக்கவில்லை. வீட்டில் உடைந்தது என்றால் கல்லூரிச் சாமானை வீட்டுக்கு எடுத்துப் போனவன். முன்னாலேயே ஒரு மெமோ இருக்கிறது, வேலை நேரத்தில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து புத்தகம் படித்ததற்கு, அடுத்தது சஸ்பென்ஷன் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சரி, அதுகூடப் போகட்டும். விசாரணையில் எழுதி வாங்குவார்கள். யார் கையிலிருந்து விழுந்தது? மேற்படி அட்டெண்டர் அய்யம்பெருமாளின் மனைவி, காலஞ்சென்ற மாடத்தி என்பவரின் கவனக்குறைவால். அப்படித்தான் எழுதுவார்கள், எனக்கு அந்த நடை தெரியும். அவள் இந்த உலகத்தில் கடைசியாகச் சந்தோஷப்பட்ட காலைக்கு ஒரு கோப்பு எண் கொடுத்துவிடுவார்கள். இல்லை, இதுவும் நான் கட்டுகிற காரணம்தானோ. மாடத்தியின் பேரில் ஒளிந்துகொள்கிறேனோ. எனக்கு வேலை போய்விடும் என்று பயம், அவ்வளவுதான். பயம் முதல் படி, மற்றதெல்லாம் அதிலிருந்து பின்னால் நடந்து எழுதிய ரீடிங். நானும்தான் சமைக்கிறேன். ஒன்பது நிமிடம் இருக்குமா, ஆறா.

டெலஸ்கோப்பில் கண்ணை வைக்கிறேன். அவள் வைத்தது அப்படியேதான் இருக்கிறது. குறுக்குக் கம்பியின் மேல் மஞ்சள் கோடு, மயிரிழை அசையாமல், அழகாக வைத்திருக்கிறாள். நாற்பத்தெட்டு, பன்னிரண்டு. யார் வந்து கண்ணை வைத்தாலும் இதுதான் தெரியும், கலெக்டர் வந்தாலும், ராமசுப்பு சார் வந்தாலும். உண்மை இங்கே என்னோடு உள்ளே கிடக்கிறது, ஆனால் அதற்கு எழுந்து போய்க் கதவைத் தட்டத் தெரியாது. அந்தப் புத்தகத்தில் ஒரு குகை வரும், பிறந்ததிலிருந்து கட்டிப் போடப்பட்டவர்கள் சுவரில் விழும் நிழலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் அந்த நிழலைத்தான் பேசுவார்கள், எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு ஒரு வரி. அடுத்து எந்த நிழல் வரும் என்று சரியாகச் சொல்கிறவனுக்கு அங்கே பரிசு உண்டாம், மரியாதை உண்டாம். அதாவது மார்க். அந்தப் பரிசுகளை எடுத்து நீட்டுகிற ஆள் ஒருவன் இருந்திருப்பானே, விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, பிள்ளைகளின் காதில் அடுத்தது குதிரை, அடுத்தது பானை என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அவனைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. தூசிக்காரர் இன்னொன்று சொல்லியிருக்கிறார், அறிவு கண்ணைப் பார்த்து உன்னை நம்ப முடியாது என்று சொல்லுமாம், அதற்குக் கண், என்கிட்ட வாங்கித்தானே நீ பிழைக்கிறாய், என்னைக் கவிழ்த்தால் நீயும் கவிழ்வாய் என்று திருப்பிக் கேட்குமாம். அந்தப் பெண்ணின் கண்ணை வெளியே கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்திரு. எழுந்துவிட்டேன். ஓர் எட்டு வைத்துவிட்டேன். ஸ்டூல் காலில் இடிக்கிறது. சத்தம் கேட்டிருக்கும். "உள்ள என்னய்யா?" என்று ராமசுப்பு சாரின் குரல். வாய் திறக்கிறது, என் வாய்தான். "ஒண்ணுமில்ல சார், ஸ்டூலு" என்கிறேன்.

பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஐந்து விரலும் பலகையில் இருக்கின்றன, தட்ட வேண்டியதுதான். அந்தப் பக்கம் லாகரிதம் புத்தகத்தைப் புரட்டுகிறாள். சைன் ஐம்பத்து நாலு புள்ளி ஒன்று என்று உதட்டுக்குள் சொல்வது கேட்கிறது. திரும்ப அதே விடைதான் வரும், வரட்டும், வந்ததும் அவள் சொல்வாள், அவள் சொன்ன உடனே நான் தட்டிவிடுவேன், அப்போது அவள் தனியாக இருக்க மாட்டாள், இரண்டு பேர் ஆகிவிடுவோம், அதுதான் சரியான நேரம், இப்போது தட்டினால் கணக்கில் குழப்பம் வரும். இப்படியும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "என்னம்மா, முடிஞ்சுதா?" லாகரிதம் புத்தகத்தை மூடுகிறாள். சொல்லு, சொல்லு, நான் தயார். "சார்..." என்கிறாள். குரல் இப்போது நடுங்குகிறது. "பத்து டிகிரி கூட வாசிச்சுட்டேன் போல சார். முப்பத்தெட்டு பன்னெண்டா இருக்கும். நாப்பத்தெட்டுன்னு பாத்துட்டேன்." "போட்டுப் பாரு." பென்சில் ஓடுகிறது. "ஒண்ணு புள்ளி அஞ்சு ஒண்ணு சார்." "பாத்தியா!" என்கிறார் ராமசுப்பு சார், நிஜமாகவே சந்தோஷப்பட்டு, அவர் கெட்டவர் இல்லை. "ஸ்டாண்டர்டு வேல்யூக்குப் பக்கத்துல வந்துட்டியா இல்லையா? பத்து டிகிரி, அவ்வளவுதான் விசயம். அடிச்சு எழுதி ஒரு கையெழுத்துப் போடு. இதுக்குப் போய் என்னை உள்ள வந்து பாருங்கன்னு சண்டைக்கு வந்த." ஞானதிரவியம் சார் மூச்சு விடுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. "நல்ல பொண்ணு சார், கொஞ்சம் பதட்டப்பட்டுட்டா" என்கிறார். என் உள்ளங்கை பலகையிலேயே இருக்கிறது. இப்போது தட்டினால் என்ன ஆகும். இப்போது தட்டினால் அவள்தான் பொய் எழுதினவள் ஆவாள், பார்த்ததை அடித்துப் பாராததை எழுதிக் கையெழுத்தும் போட்டவள். நான் பேசாமல் இருப்பதுதான் இனிமேல் அவளுக்கு நல்லது. எவ்வளவு சுலபமாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன், நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டுக்கூட நடக்காமல்.

தாழ்ப்பாள் விலகி வெளிச்சம் உள்ளே விழுகிறது, கண் கூசுகிறது. சந்தனக்கனி ஜியோமெட்ரி பாக்ஸை எடுக்க வந்திருக்கிறாள், மேஜையில் மறந்து வைத்துவிட்டாள். எடுத்துக்கொண்டவள் போகாமல் நிற்கிறாள். முகம் கழுவின மாதிரி இருக்கிறது. டெலஸ்கோப்பைப் பார்க்கிறாள், ஆனால் குனியவில்லை, குனிந்தால் போதும், கோடு அங்கேதான் இருக்கிறது, வெர்னியர் அங்கேதான் இருக்கிறது. "அண்ணாச்சி" என்கிறாள் மெதுவாக, "நான் நாலு தடவ பாத்தேன் அண்ணாச்சி. நாலு தடவையும் நாப்பத்தெட்டுதான் தெரிஞ்சுது. எப்படி அண்ணாச்சி?" சார்மார் எழுந்து போய்விட்டார்கள், இங்கே யாரும் இல்லை. கேட்பவர் யாரும் இல்லை. அவளுக்கு மட்டும் சொல்லலாம், யாருக்கும் தெரிய வேண்டாம், உன் கண் சரி என்று ஒரு வார்த்தை, மார்க்குக்கு இல்லை, ரெக்கார்டுக்கு இல்லை. ஆனால் அவள் வெளியே போய் யாரிடமாவது, ஒரு தோழியிடம், அட்டெண்டர் அண்ணாச்சியே சொன்னாங்க என்று. "இருட்டுல ரொம்ப நேரம் பாத்தா அப்படித்தான் தாயி" என்கிறேன். "கண்ணு அசந்துரும். ஒரு தடவ தப்பாப் பாத்துட்டா அப்புறம் எத்தன தடவ பாத்தாலும் அந்தத் தப்பத்தான் காட்டும்." அவள் நான் சொன்னதை யோசிக்கிறாள். யோசித்து ஏற்றுக்கொள்வது அவள் முகத்தில் தெரிகிறது, ஏதோ ஒன்று அங்கே தளர்ந்து உட்காருகிறது. என்னைப் பார்த்துச் சிரிக்கவும் சிரிக்கிறாள்.

"நல்லவேள அண்ணாச்சி, அந்த சார் விடாம கேட்டாரு" என்கிறாள். "இல்லன்னா என் கண்ண நம்பிக்கிட்டுல்லா இருந்திருப்பேன்."

"ஆமா தாயி" என்றேன்.